கூரை ஏசி எத்தனை டன்? பஸ்ஸை வீடாக்குபவர்கள் கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி

பெங்களூரில் ஐடி கம்பெனிகளுக்கு ஓடி ஓய்ந்த ஸ்டாஃப் பஸ்ஸையோ பள்ளிக்கூட பஸ்ஸையோ வாங்குகிறார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, படுக்கை, அடுப்பு, சின்னக் கழிப்பறை என்று நடமாடும் வீடாக மாற்றுகிறார்கள். அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ஓசூர் தாண்டி ஊருக்குப் போகும்போது குலதெய்வக் கோயில் வாசலிலேயே பஸ்ஸை நிறுத்திப் படுத்துக்கொள்ளலாம், லாட்ஜ் தேட வேண்டாம். மரவேலை முடிந்து, பெயின்ட் அடித்த பிறகுதான் ஏசி ஞாபகம் வருகிறது. கடைக்குப் போய்க் கேட்கும் முதல் கேள்வி: “எத்தனை டன் போடலாம்?” அங்கே கிடைக்கும் பதில்: “ஒன்றரை டன் போடுங்க சார், கவலையே வேண்டாம்.”

கவலை அதற்கப்புறம்தான் தொடங்கும். வீட்டுப் படுக்கையறையைப் பத்து நிமிடத்தில் குளிர வைத்த அதே ஒன்றரை டன், பஸ்ஸில் மதியம் 2 மணிக்குத் திணறும். இல்லையென்றால் ஜெனரேட்டர் ஒவ்வொரு முறையும் அணைந்து போகும். அதுவும் இல்லையென்றால் நள்ளிரவு 1 மணிக்கு பேட்டரி காலியாகி, குழந்தைகள் வேர்த்து எழுந்து உட்காரும். வெயிலில் நிற்கும் தகரப் பெட்டி அது. மின்சாரத்தையும் அதுவே சுமந்து போக வேண்டும். ஆகவே கணக்கை வெப்பத்திலிருந்து தொடங்க வேண்டும். பிறகு மின்சாரம், பிறகு கூரை. டன் என்ன என்பது அந்தக் கணக்கின் விடையாகத் தானே வந்து நிற்கும்.

டன், பிடியூ, வாட்: மூன்றும் ஒரே அளவைதான்

ஏசியில் ‘டன்’ என்பது எடை இல்லை. ஐஸ் கட்டி வைத்துக் குளிர்வித்த காலத்துச் சொல் அது. 2,000 பவுண்டு ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வேகத்தில் வெப்பத்தை வெளியேற்றும் எந்திரம் ஒரு டன் எந்திரம். அது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் பழைய ஆங்கில அலகு), அல்லது சுமார் 3.5 கிலோவாட்.

இந்த 3.5 கிலோவாட் என்பது எந்திரம் வெளியேற்றும் வெப்பம். அது சாப்பிடும் மின்சாரம் வேறு. ஒரு டன் ஏசி முழு வேகத்தில் ஓடும்போது 1 முதல் 1.3 கிலோவாட் மின்சாரம் இழுக்கும். அதாவது ஒரு பங்கு மின்சாரம் கொடுத்தால் ஏறத்தாழ மூன்று பங்கு வெப்பம் வெளியே போகும். இந்த ‘ஒன்றுக்கு மூன்று’ விகிதத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரப் பொய்யைப் பிடிக்கப் பின்னால் உதவும்.

வெப்பம் எந்த வழியாக உள்ளே வருகிறது

8 மீட்டர் நீளம், 2.3 மீட்டர் அகலமுள்ள ஒரு நடுத்தர பஸ்ஸை எடுத்துக்கொள்வோம். கூரை சுமார் 18 சதுர மீட்டர், பக்கச் சுவர்கள் 24, முன்கண்ணாடியையும் சேர்த்து மொத்தக் கண்ணாடி 6 சதுர மீட்டர். வெளியே 38 டிகிரி, உள்ளே 25 டிகிரி வேண்டும். நடுப்பகல் வெயில். முதலில், உள்ளே எந்த வெப்பத்தடுப்பும் இல்லாத வெறும் தகர பஸ்.

1. கூரை. காற்று 38 டிகிரிதான் என்றாலும், அடர் நிறத் தகரம் வெயிலில் 60 டிகிரியைத் தொடும். அந்த 35 டிகிரி வித்தியாசத்தில் கூரை வழியாக மட்டும் 3,000 வாட்டுக்கு மேல் இறங்கும். சின்னப் பையன்கள்கூட அந்தக் கூரையில் கை வைத்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுவார்கள்.

2. கண்ணாடி. பாதியில் நேர் வெயில் விழுகிறது என்று வைத்தாலும் 1,500 வாட்.

3. பக்கச் சுவர்கள். சுமார் 1,550 வாட்.

4. கதவிடுக்கு, ஜன்னல் இடுக்கு வழியாக நுழையும் வெளிக்காற்று. 700 வாட். பழைய பஸ்ஸின் நகரும் ஜன்னல்களைப் பார்த்தவர்களுக்கு இந்த எண் அதிகமாகத் தெரியாது.

5. நான்கு பேர் உட்கார்ந்திருந்தால் அவர்கள் உடம்பு வெளியிடும் வெப்பமும் ஈரமும் சேர்ந்து 450 வாட். ஃபிரிட்ஜ், விளக்கு, சார்ஜர் 300 வாட்.

கூட்டினால் சுமார் 7,600 வாட். 2.2 டன். ஒன்றரை டன் ஏசி ஏன் திணறியது என்பதற்கு இதுதான் விடை.

இப்போது அதே பஸ்ஸின் கூரையிலும் சுவரிலும் 25 மில்லிமீட்டர் பஃப் (பாலியூரித்தேன் நுரை) தடுப்பு கொடுத்து, ரப்பர் பட்டைகளை மாற்றி இடுக்குகளை அடைத்துவிடுவோம். கூரை 800 வாட்டுக்கு இறங்கும், சுவர் 470, இடுக்குக் காற்று 400. கண்ணாடியும் ஆட்களும் அப்படியே. மொத்தம் 3,900 வாட், அதாவது 1.1 டன். கண்ணாடிக்கு வெளிப்பக்கம் வெள்ளி நிறத் திரை மாட்டினால் இன்னும் ஆயிரம் வாட் குறையும், ஒரு டன்னுக்குக் கீழே வந்துவிடும். திரை வெளிப்பக்கம் இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். உள்ளே மாட்டும் துணித்திரை வெயிலைத் தடுப்பதுபோல் தெரியும். ஆனால் வெப்பம் அதற்குள் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, திரையே சூடாகி அதை அறைக்குள் விடும்.

இவை தோராயக் கணக்குகள். பஸ்ஸின் நிறமும் இரும்புச் சட்டங்களின் அமைப்பும் மாறினால் எண்ணும் மாறும். ஆனால் விகிதம் பெரிதாக மாறாது. தடுப்பு வேலைக்குச் செலவழிக்கும் பணம் ஏசியைப் பாதியாக்குகிறது. ஏசி பாதியானால் பேட்டரி, ஜெனரேட்டர், கேபிள் எல்லாம் பாதியாகின்றன. கூரைக்கு வெள்ளை பெயின்ட் அடிப்பதைவிட மலிவான ஏசி உலகத்தில் கிடையாது.

தடுப்புக்கு எதைப் போடுவது? தெர்மாகோல் மலிவு, ஆனால் தீ பிடித்தால் உருகிச் சொட்டி எரியும். பேட்டரியும் அடுப்பும் இருக்கும் பெட்டிக்குள் அதை ஒட்டுவது சரியான யோசனையாகத் தெரியவில்லை. தீ எளிதில் பரவாத தரத்தில் பஃப் பலகையோ நைட்ரைல் ரப்பர் ஷீட்டோ கேட்டு வாங்குவது நல்லது.

பெங்களூரு வெயிலுக்கா, வேலூர் வெயிலுக்கா?

பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருக்கிறது. 2016 ஏப்ரலில் 39.2 டிகிரி பதிவானதே இங்கே பெரிய செய்தியானது. வருடத்தில் பல மாதங்கள் இரவில் ஏசியே வேண்டாம், கூரையில் காற்றை வெளியே தள்ளும் ஒரு மின்விசிறி போதும். இதை வைத்துச் சின்ன ஏசி வாங்கிவிட்டு, கத்திரி வெயிலில் ஆம்பூர், வேலூர் வழியாகச் சென்னைக்கு இறங்கினால் கதை மாறிவிடும். பஸ் எங்கே பதிவானது என்பதைவிட, எங்கே இரவு தங்கப் போகிறது என்பதுதான் முக்கியம்.

சென்னை, மும்பை போன்ற கடலோர ஊர்களில் இன்னொரு சிக்கல் ஈரப்பதம். ஏசி காற்றைக் குளிர்விப்பதோடு அதிலிருக்கும் நீரையும் பிழிந்து வெளியேற்ற வேண்டும். அதற்கு எந்திரம் தொடர்ந்து ஓட வேண்டும். தேவைக்கு மேல் பெரிய ஏசி போட்டால் ஐந்து நிமிடத்தில் குளிர்ந்து கம்ப்ரசர் நின்றுவிடும், ஈரம் அப்படியே இருக்கும். ஜில்லென்றும் இருக்கும், பிசுபிசுப்பும் போகாது. ‘ஒரு அரை டன் கூடுதலாக இருந்தால் என்ன?’ என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். டெல்லியின் மே மாதம் இதற்கு நேர் எதிர். அங்கே வறண்ட வெப்பம், ஈரம் பிரச்சினையில்லை, கூரைச் சூடுதான் எதிரி.

பஸ்ஸிலேயே ஏசி இருக்கிறதே, அது போதாதா?

பலரையும் குழப்புவது இந்தக் கேள்விதான். வாங்கிய பஸ் ஏசி பஸ் என்றால், கூரையில் ஏற்கெனவே ஒரு பெரிய பெட்டி உட்கார்ந்திருக்கும். அதன் கம்ப்ரசர் அந்தப் பெட்டிக்குள் இல்லை. கீழே இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். கூரையில் இருப்பவை வெப்பத்தை வெளியே விடும் கண்டென்சரும் ஃபேன்களும் குளிர்விக்கும் காயிலும்தான். சில பழைய பஸ்களில் ஏசிக்கென்று தனியாக ஒரு சின்ன டீசல் இன்ஜினே உண்டு.

இந்த ஏசியின் வலிமை பெரிது. சின்ன பஸ்ஸிலேயே 10 கிலோவாட்டைத் தாண்டும், ஏனென்றால் கதவு திறந்து மூடி, முப்பது பேர் ஏறி இறங்கும் வண்டிக்காகச் செய்தது அது. ஓடும்போது அதை அடித்துக்கொள்ள ஆளில்லை. இன்ஜினை அணைத்தால் அதுவும் அணைந்துவிடும். பந்திப்பூர் காட்டு வழி இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை மூடியிருக்கும். தாமதமாகப் போய்ச் சேர்ந்தவர்கள் குண்டல்பேட்டைப் பக்கம் ஒதுங்கித் தூங்குவார்கள். அந்த ஒன்பது மணி நேரமும் ஏசிக்காக இன்ஜினை ஓட விட்டால் மணிக்கு இரண்டு லிட்டர் அளவில் டீசல் போகும், அக்கம்பக்கத்தில் தூங்குபவர்களின் சாபமும் சேரும்.

என் கருத்து: நல்ல நிலையில் இருந்தால் பழைய ஏசியைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தும் நேரத்துக்குத் தனியாகச் சின்ன ஏசி போடுங்கள். கேஸ் கசிந்து, பெல்ட் அறுந்து கிடக்கிறது என்றால் கழற்றிவிடலாம். கூரையிலிருந்து பெரிய எடை இறங்கும், சோலார் பலகைக்கு இடமும் கிடைக்கும்.

நிறுத்தும் நேரத்துக்கான ஏசி: நான்கு வழிகள்

1. 230 வோல்ட் கூரை ஏசி. கம்ப்ரசர், கண்டென்சர், ஃபேன் எல்லாம் ஒரே பெட்டிக்குள். கேஸ் தொழிற்சாலையிலேயே அடைத்து மூடியிருக்கும். கூரையில் சதுர ஓட்டை போட்டு மேலே உட்கார வைத்து, உள்ளிருந்து போல்ட் முறுக்கினால் வேலை முடிந்தது. ஐரோப்பிய அளவுப் பெட்டிகளுக்கு 40 சென்டிமீட்டர் சதுர ஓட்டை, அமெரிக்க அளவுக்கு 14 அங்குலம், அதாவது 36 சென்டிமீட்டர் சதுரம். குழாய் இணைப்பே இல்லாததால் குலுக்கலில் கேஸ் கசியும் வாய்ப்பு மிகக் குறைவு. காரவானுக்கென்றே, அதாவது நடமாடும் வீட்டுக்கென்றே, பிறந்த வடிவம் இது.

2. 115 வோல்ட் அமெரிக்கப் பெட்டி. 13,500 பிடியூ, 15,000 பிடியூ என்று இணையத்தில் அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான், அதனால் நம் ஆட்களும் இதையே தேடுகிறார்கள். வாங்காதீர்கள். ‘டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 230-ஐ 115 ஆக்கிக்கொள்ளலாம்’ என்பார்கள். வோல்ட் மாறும், அலைவெண் மாறாது. அவர்கள் ஊரில் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50. அந்த மோட்டார் ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்து, கூடுதல் கரன்ட் இழுத்து, சூடாகிச் சீக்கிரம் எரியும். அலைவெண்ணையும் மாற்றித் தரும் தனி இன்வெர்ட்டர் வைத்தால் ஓடும், ஆனால் ரிப்பேருக்கு உதிரிப் பாகம் எங்கே போய்த் தேடுவது?

3. 24 அல்லது 48 வோல்ட் ஏசி. லாரி டிரைவர்கள் வண்டியை நிறுத்தித் தூங்கும்போது போட்டுக்கொள்ளச் செய்தவை இவை. புதிய லாரிகளின் டிரைவர் அறைக்கு ஏசி 2025-லிருந்து கட்டாயமான பிறகு, லாரி ஏசி பற்றிய பேச்சே அதிகமாகியிருக்கிறது. நேராக பேட்டரியிலிருந்து ஓடும், நடுவில் இன்வெர்ட்டர் தேவையில்லை, அந்த இழப்பு மிச்சம். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் பிடியூ எண்ணை அப்படியே நம்பக்கூடாது. 24 வோல்ட், 30 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் மின்சாரம் 720 வாட். மூன்றால் பெருக்கினால் 2,160 வாட் குளிர்ச்சி, சுமார் 7,400 பிடியூ. அதே பெட்டியில் 12,000 பிடியூ என்று அச்சடித்திருந்தால் யாரோ கதை விடுகிறார்கள். லாரியின் முன் அறை சின்னது, அதற்கு 7,000 பிடியூ தாராளம். 8 மீட்டர் பஸ்ஸுக்கு, நடுவில் தடுப்புச் சுவர் வைத்துப் படுக்கைப் பகுதியை மட்டும் குளிர்விக்கத்தான் பயன்படும். உண்மையில் அது நல்ல யோசனைதான். இரவில் முழு பஸ்ஸும் குளிர வேண்டிய அவசியம் என்ன?

4. வீட்டு ஸ்பிளிட் ஏசி. விலை குறைவு, எந்த ஊரிலும் மெக்கானிக் கிடைப்பார், சிக்கனத்திலும் இதுதான் முதலிடம். பிரச்சினை, செம்புக் குழாய்களின் நட் இணைப்புகள். அவை சுவரில் அசையாமல் இருக்கச் செய்தவை. கிருஷ்ணகிரிக்கும் தொப்பூர் கணவாய்க்கும் நடுவில் குலுங்கக் குலுங்கத் தளர்ந்து கேஸ் போய்விடும். பின்பக்கம் தொங்கவிட்ட அவுட்டோர் யூனிட் சேற்றையும் தூசியையும் அள்ளிக்கொள்ளும். பஸ் பெரும்பாலும் கனகபுரா பக்கத்துத் தோட்டத்தில் நின்று, வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் ஓடும் என்றால் ஸ்பிளிட் போதும், அதற்கு மேல் செலவழிப்பது வீண். மாதம் இரண்டு பயணம் என்றால் கூரைப் பெட்டிதான்.

‘இன்வெர்ட்டர்’ என்ற ஒரே சொல், இரண்டு பொருள்

கடையில் நடக்கும் பாதிக் குழப்பத்துக்கு இந்தச் சொல் காரணம். பேட்டரியின் மின்சாரத்தை 230 வோல்ட்டாக மாற்றித் தரும் பெட்டி ஒரு இன்வெர்ட்டர், கரன்ட் போனால் வீட்டில் ஓடுமே, அது. ‘இன்வெர்ட்டர் ஏசி’ என்பது வேறு. அதில் கம்ப்ரசரின் வேகம் தேவைக்கேற்ப ஏறி இறங்கும். இன்வெர்ட்டர் ஏசி வாங்கினால் தனியாக இன்வெர்ட்டர் வேண்டாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். கட்டாயம் வேண்டும்.

பஸ்ஸுக்கு இன்வெர்ட்டர் வகை ஏசியே ஏற்றது, முக்கியமாகத் தொடக்க இழுவையால். ஒரே வேகத்தில் ஓடும் பழைய வகைக் கம்ப்ரசர், ஓடும்போது 6 ஆம்பியர் இழுத்தால், கிளம்பும் நொடியில் 25 முதல் 30 ஆம்பியர் வரை இழுக்கும். அந்தக் கண நேரத்துக்கு 6 கிலோவாட் தாங்கும் மூலம் இல்லையென்றால் ஜெனரேட்டர் முக்கி நின்றுவிடும். சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சின்னக் கருவியை இணைத்து இதைப் பாதிக்கும் கீழே குறைக்கலாம். வேகம் மாறும் ஏசியில் இந்தத் தொல்லையே இல்லை, மெதுவாகக் கிளம்பி மெதுவாக ஏறும். இரவில் 400, 500 வாட்டில் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்சாரம் எங்கிருந்து?

இங்கேதான் பணம் போகிறது. ஏசியின் விலையைப் பார்த்துப் பயப்படுபவர்கள் அதை ஓட்டும் மின்சாரத்தின் விலையைப் பார்த்ததில்லை.

*வீட்டுச் செருகி.* ஊரில் சொந்தக்காரர் வீட்டு வாசலில் நிறுத்தினால் 16 ஆம்பியர் பவர் பிளக்கிலிருந்து வயர் இழுத்தால் போதும். கொஞ்சம் தடித்த, குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்எம் வயராக இருக்கட்டும். கல்யாண வீட்டு சீரியல் லைட் வயரில் ஏசி ஓட்டினால் வயர் உருகும். பஸ்ஸின் உடம்பு முழுக்க இரும்பு என்பதால், எங்கோ ஒரு வயர் உரசினாலும் படியில் கால் வைப்பவருக்கு ஷாக் அடிக்கும். மின்கசிவு வந்தால் தானே அணைந்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்சும் முறையான எர்த்தும் இல்லாமல் வெளி மின்சாரத்தை பஸ்ஸுக்குள் விடக்கூடாது.

*பேட்டரி.* இரவு 8 மணி நேரம், சராசரி 500 வாட். 4 யூனிட், இழப்பையும் சேர்த்தால் நாலரை. 48 வோல்ட் வரிசையில் 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றில் 5 யூனிட் இருக்கும், சரியாகப் போதும். அதே வேலைக்கு வீட்டில் வைக்கும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி என்றால், பாதிக்கு மேல் காலி செய்யக்கூடாது என்பதால் ஒன்றிலிருந்து முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல்தான் எடுக்கலாம். ஆறு பேட்டரி தேவைப்படும். ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். முந்நூறு கிலோவை பஸ்ஸின் ஒரு மூலையில் வைத்துக்கொண்டு ஏற்காட்டு வளைவுகளில் ஏறுவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வோல்ட்டும் முக்கியம். 1,500 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 125 ஆம்பியர் ஓட வேண்டும், 48 வோல்ட்டில் 31 போதும். கரன்ட் இரண்டு மடங்கானால் கேபிளில் வீணாகும் வெப்பம் நான்கு மடங்காகும். பஸ்ஸின் சொந்த மின்சுற்று 24 வோல்ட். அதையும் வீட்டு பேட்டரியையும் கலக்காமல், நடுவில் முறையான சார்ஜர் வைத்துத் தனித்தனியாக வைத்திருப்பது நல்லது. காலையில் பஸ் ஸ்டார்ட் ஆக வேண்டுமே!

*சோலார்.* 540 வாட் பலகை ஒன்று ஏறத்தாழ 2.3 மீட்டருக்கு 1.1 மீட்டர். எட்டு மீட்டர் கூரையில் ஏசி, காற்றுவழி போக நான்கு வைக்கலாம், 2 கிலோவாட். படுக்கை வசத்தில் வைத்து, தூசியும் சேர்ந்து, நல்ல வெயில் நாளில் 8 யூனிட் கிடைத்தால் பெரிய விஷயம். பகலில் ஆறு மணி நேரம் ஏசி ஓட்டினால் 7 யூனிட் அதிலேயே தீர்ந்துவிடும், இரவுக்கு எதுவும் மிஞ்சாது. ‘சோலாரிலேயே ஏசி ஓடும்’ என்பது பகலா இரவா என்று கேட்டுக்கொள்ள வேண்டிய வாக்கியம். ஒரு கூடுதல் நன்மை, பலகைகளுக்கும் கூரைக்கும் நடுவில் நாலு விரல் இடைவெளி விட்டால் அவை கூரைக்குப் பந்தலாகிவிடும். ஏசிப் பெட்டியின் நிழல் பலகையின் ஒரு மூலையில் விழுந்தாலே உற்பத்தி நன்றாகக் குறையும் என்பதால், எது எங்கே என்பதை முதலில் காகிதத்தில் வரைந்துவிடுவது உத்தமம்.

*ஜெனரேட்டர்.* உயரம் ஏற ஏறக் காற்றில் ஆக்சிஜன் குறையும், 300 மீட்டருக்கு மூன்று, மூன்றரை சதவீதம் என்று ஜெனரேட்டரின் திறன் இறங்கும். பெங்களூரிலேயே பத்தில் ஒரு பங்கு போய்விடும். 2,240 மீட்டர் உயர ஊட்டியில் கால்வாசி போய்விடும். ஊட்டியில் யாருக்கு ஏசி வேண்டும் என்பது வேறு விஷயம். அங்கே வேண்டியது ஹீட்டர், சில கூரை ஏசிகள் திருப்பி ஓடி வெப்பமும் தரும்.

ஜெனரேட்டரைப் பற்றிப் பேசும்போது திறனைவிட முக்கியமானது புகை. 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகரையில் சாலையோரம் நின்றிருந்த ஒரு காரவானுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏசிக்காக ஓடிய ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு, தரையிலிருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியது என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. அந்த வாயுவுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை. கூரை ஏசி வெளியிலிருந்து புதுக் காற்றைக் கொண்டுவருவதில்லை என்பதையும் இதோடு சேர்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். உள்ளே இருக்கும் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர்விக்கிறது. ஆகவே, தூங்கும் நேரத்தில் ஜெனரேட்டர் வேண்டாம். வேறு வழியே இல்லையென்றால் பஸ்ஸிலிருந்து தள்ளி, காற்று புகையை பஸ்ஸை விட்டு விலக்கிக் கொண்டுபோகும் பக்கத்தில் வைக்க வேண்டும். தரையில் வயருக்குப் போட்ட ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்து, படுக்கைக்குப் பக்கத்தில் கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்ட வேண்டும். பேட்டரிக்கு ஆகும் பணம் அதிகம் என்று தயங்குபவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

கூரையில் உட்கார வைப்பது

கூரைப் பெட்டி 30 முதல் 45 கிலோ இருக்கும். நிற்கும்போது அது பெரிய எடையில்லை, பள்ளத்தில் விழுந்து எழும்போது பல மடங்காகும். தகரத்தின் மீது மட்டும் நிற்க வைத்தால் ஓட்டையின் ஓரம் கிழியத் தொடங்கும். கூரையின் குறுக்கே ஓடும் இரும்பு வளைவுகளில் இரண்டுக்கு நடுவே சதுரச் சட்டம் வெல்டிங் செய்து, அதில் எடை இறங்குமாறு செய்ய வேண்டும். வளைவை அறுத்துவிட்டு ஓட்டை போடும் பட்டறைகள் இருக்கின்றன. பஸ் கவிழ்ந்தால் உள்ளிருப்பவர்களைக் காப்பது அந்த வளைவுதான். இந்த வேலைக்குக் கரூர் பஸ் பாடி பட்டறைகளில் பழகிய கை கிடைத்தால் பெங்களூரிலிருந்து ஒரு நாள் பயணம் வீண்போகாது.

கூரையில் ஏற்கெனவே சதுரத் திறப்பு ஒன்று இருந்தால், ‘ஓட்டை தயாராக இருக்கிறதே’ என்று அதில் ஏசியை வைக்கத் தோன்றும். அது அவசர வழி. பஸ் பக்கவாட்டில் சாய்ந்து கதவு அடியில் மாட்டிக்கொண்டால் வெளியேற இருக்கும் வழி. அதை அடைக்கக் கூடாது.

பஸ் கூரை வளைவாக இருக்கும், ஏசியின் அடி தட்டையாக இருக்கும். நடுவில் சமமான சட்டம் இல்லையென்றால் நடுவில் வைக்கும் ரப்பர் காஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி, மறுபக்கம் மழைத் தண்ணீர் வடியும். போல்ட்டை முடிந்த மட்டும் இறுக்குவதும் தவறு. ரப்பர் பாதியளவு அமுங்கினால் போதும். ஏசி பிழியும் நீர் கூரை மேலேயே கொட்டும் வகை என்றால், சென்னையில் நிறுத்தும்போது ஜன்னல் வழியே ஒழுகிக்கொண்டே இருக்கும். குழாய் வைத்துக் கீழே இறக்கிவிடலாம்.

இனி உயரம். பஸ்ஸின் உயரத்தோடு ஏசிப் பெட்டியின் 25, 30 சென்டிமீட்டர் சேரும். பெங்களூரு தெருக்களில் மரக்கிளை மட்டும் பிரச்சினை இல்லை. கம்பத்துக்குக் கம்பம் தொய்ந்து கிடக்கும் இன்டர்நெட் கேபிள்கள் ஏசியின் பிளாஸ்டிக் மூடியை அப்படியே பிடுங்கிக்கொண்டு போகும். ரயில்வே கீழ்ப்பாலங்களுக்கு முன்னால் இருக்கும் இரும்புச் சட்டம் மன்னிக்கவே மன்னிக்காது.

ஆர்.சி.யில் என்ன இருக்கிறது?

ஆர்.சி., அதாவது வண்டியின் பதிவுச் சான்று, வேலையைத் தொடங்கும் முன்பே பார்க்க வேண்டிய காகிதம். பட்டறைக்காரர்கள் பலர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை.

1. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவுப்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்டதற்கும் ஆர்.சி.யில் இருப்பதற்கும் மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

2. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம்.

3. மோட்டார் காரவான்களுக்கென்று ஏ.ஐ.எஸ்.-124 (இந்திய வாகனத் தொழில் தரவிதி வரிசையில் ஒன்று) என்ற தனித் தரவிதி இருக்கிறது. உயரத்துக்கு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 93-ஆம் விதியில் வரம்பு உண்டு, ஏசியின் உச்சியையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும்.

ஏசி மட்டும் மாட்டுவதற்கும், இருக்கைகளை எடுத்துவிட்டு வண்டியின் வகையையே மாற்றுவதற்கும் வித்தியாசம் பெரிது. பஸ் எந்த ஆர்.டி.ஓ.வில் பதிவாகியிருக்கிறதோ அங்கே போய், வரைபடத்தோடு எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதிவு விவரத்துக்கு மாறாக வண்டி இருந்தால், விபத்துக்குப் பிறகு இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் புரட்டுவது அந்தப் பக்கத்தைத்தான். ஏசிக்கு முன்பணம் கொடுப்பது ஆர்.டி.ஓ.வின் பதில் கைக்கு வந்த பிறகு இருக்கட்டும். மாட்டி முடித்ததும் தரையிலிருந்து ஏசியின் உச்சி வரை டேப் வைத்து அளந்து, அந்த எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி ஸ்டியரிங்குக்கு எதிரே ஒட்டிவிடுங்கள்.